இருதயத்துக்குத் தாளம் போடுவது யார்?

மூளை கட்டளையிடுகிறது, உடல் பணிகிறது என்பது நாம் சிறுவயது முதற் படித்த பாடம். கையை உயர்த்த நினைத்தால் கை உயர்கிறது. நடக்க நினைத்தால் கால் நடக்கிறது. ஆனால், "இருதயமே, ஒரு நிமிடம் பொறு" என்று எவ்வளவு உறுதியாக நினைத்தாலும் அது பொறுப்பதில்லை. நாம் உறங்கும்போதும் அது உறங்குவதில்லை. அப்படியானால் இந்த உறுப்பு யாருடைய சொற்கேட்டு இயங்குகிறது? இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய எடுத்துக்கொண்ட வினா இதுவே.

முதலில் ஒரு சிறு கணக்கு. வலக்கையின் மூன்று விரல்களை இடக்கை மணிக்கட்டில், பெருவிரலின் அடிப்பக்கமாக, மெல்ல வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பரிகாரிமார் தலைமுறை தலைமுறையாக நாடி பார்த்த இடம் அது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1,00,800 ஆகும். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடி 68 இலட்சம். எழுபது வயது நிறையும்போது 250 கோடியைக் கடந்துவிடும். இத்தனைக்கும் தாளம் பிசகாமல், ஓய்வு கேளாமல் ஏதோ ஒன்று உள்ளிருந்து கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறதன்றோ?

பாடசாலை ஆய்வுகூடத்தில் தவளையின் இருதயத்தைக் கண்ட மாணவர் அந்தக் காட்சியை எளிதில் மறவார். உடலிலிருந்து வேறாக்கித் தகுந்த உப்புக் கரைசலில் இட்டபின்பும் அச்சிறு தசைப்பிண்டம் தன்பாட்டிற் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். அங்கே மூளையும் இல்லை, முள்ளந்தண்டும் இல்லை. தாயின் கருப்பையில் வளரும் சிசுவின் கதையும் இத்தகையதே. கரு உருவான நாலாம் வாரத்திலேயே இருதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. அதனை ஆளக்கூடிய நரம்புகள் அதை வந்தடைவது பின்னரே. ஆகவே, தாளம் வெளியிலிருந்து வருவதன்று. இருதயத்துக்குள்ளேயே பிறப்பது என்பது தெளிவு.

உள்ளே எந்த இடத்தில் என்பதுதான் நெடுங்காலம் விளங்காதிருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1847ஆம் ஆண்டுக்கும் 1873ஆம் ஆண்டுக்கும் இடையில், நடுவே சில ஆண்டுகள் நீங்கலாக, வைத்தியத் தொண்டு புரிந்தவர் அமெரிக்கரான டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் கற்பித்த பெருமை அவருக்குரியது. கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் அவருடைய முயற்சியால் 1872ஆம் ஆண்டு 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. அதனைக் கற்ற மானிப்பாய் மாணவருக்கு இருதயத்தின் அறைகளைத் தமிழிற் பெயர் சொல்ல முடிந்திருக்கும். ஆயினும் தாளம் பிறக்கும் இடம் எதுவென்று அவர்கள் அறிந்திருக்க முடியாது. அன்று இலண்டன் மாணவரும் அதனை அறியார். உலகில் எவரும் அதனைக் கண்டிருக்கவில்லை.

அது கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. இங்கிலாந்தில் கென்ற் பகுதியைச் சேர்ந்த பிரெட்கார் என்னும் கிராமத்தில் ஆதர் கீத் என்ற உடற்கூற்றறிஞருக்கு ஒரு வீடு இருந்தது. 1906ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவர் அங்கே தங்கிப் பல பிராணிகளின் இருதயங்களை மெல்லிய துண்டுகளாகச் சீவி நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து வந்தார். ஒருநாள் கீத்தும் அவர் மனைவியும் துவிச்சக்கர வண்டியில் உலாவச் சென்று மாலையில் திரும்பியபோது, மாணவர் பரபரப்புடன் அவர்களை எதிர்கொண்டார். மண்ணைக் குடைந்து வாழும் அகழெலியின் இருதயத்தில், மேற்பெருநாளம் வலச் சோணையறையிற் சேரும் இடத்தில், மற்றைத் தசையினின்றும் வேறுபட்ட ஒரு சிறு இழையக் கூட்டத்தை அவர் கண்டிருந்தார். மனிதர் உட்பட மற்றைப் பிராணிகளிலும் அதே இடத்தில் அது இருப்பதைக் கண்டு, 1907ஆம் ஆண்டு இருவரும் உலகுக்கு அறிவித்தனர். அதற்கு ஓராண்டின் முன், ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்த சுனாவோ தவாரா என்ற யப்பானியர், அறைகளுக்கு இடையிலுள்ள இரண்டாவது கணுவை விளக்கியிருந்தார். பின்னர் 1910ஆம் ஆண்டளவில் தோமஸ் லூயிஸ் என்பவர், துடிப்பின் மின்னலை முதலிற் புறப்படுவது அகழெலியிற் கண்ட அந்த இடத்திலிருந்தே என்பதைக் கருவி கொண்டு காட்டினார்.

நமது பாடநூல்கள் அதனைக் குடாச்சோணைக் கணு என்று வழங்குகின்றன. பெரிய பெயராயினும் உருவம் சிறிது: ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் நீளம், சில மில்லிமீற்றர் அகலம். அதில் உண்மையாகத் தாளம் போடும் கலங்கள் சில ஆயிரமே. இவ்வளவு சிறிய ஒன்று எப்படி இவ்வளவு பெரிய பணியைச் செய்கிறது?

சரியாக மூடாத தண்ணீர்க் குழாயைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் வாயில் ஒரு துளி மெல்ல மெல்லப் பருக்கும். ஓர் அளவை எட்டியதும் விழுந்துவிடும். விழுந்த மறுகணமே அடுத்த துளி பருக்கத் தொடங்கும். யாரும் தட்டவேண்டியதில்லை; யாரும் எண்ணவேண்டியதில்லை. கணுவிலுள்ள கலங்களும் அப்படியே. இருதயத்தின் மற்றைத் தசைக்கலங்கள் ஒருமுறை சுருங்கியபின் அடுத்த தூண்டுதல் வரும்வரை சும்மா இருக்கும். இக்கலங்களுக்கோ சும்மா இருக்கும் நிலையே கிடையாது. ஒரு துடிப்பு முடிந்தவுடன் சோடியம் முதலிய அயன்கள் அவற்றின் உறையினூடாகச் சிறிது சிறிதாக உட்கசிகின்றன. மின்னேற்றம் படிப்படியாக உயர்கிறது. குறித்த அளவை எட்டியதும் கல்சியம் அயன்கள் பாய்ந்து புகுகின்றன, துளி விழுகிறது, ஒரு துடிப்புப் பிறக்கிறது.

அவ்வாறு பிறந்த மின்னலை முதலில் மேலேயுள்ள இரண்டு சோணையறைகளிலும் பரந்து அவற்றைச் சுருங்கச் செய்கிறது. கீழேயுள்ள இதயவறைகளுக்கு அது நேரே செல்லமுடியாது. இடையில் மின்சாரம் கடவாத நார்ச்சுவர் உண்டு. அச்சுவரிலுள்ள ஒரே வாயில்தான் தவாரா விளக்கிய கணு. அங்கே அலை ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு அளவு தாமதிக்கிறது. இத்தாமதம் வீணன்று. மேலறைகளின் இரத்தம் கீழறைகளில் முற்றாக இறங்கி நிரம்புவதற்கு அந்த நேரம் வேண்டும். பின்பு அலை விரைவான நார்கள் வழியே இறங்கி இதயவறைகளை ஒருசேரச் சுருக்க, நாம் மணிக்கட்டில் உணரும் துடிப்பு உண்டாகிறது.

தாளம் போடும் ஆற்றல் மற்றை இடங்களுக்கும் ஓரளவு உண்டு. குடாச்சோணைக் கணு தளர்ந்தால் வாயிலில் நிற்கும் கணு நிமிடத்துக்கு 40 முதல் 60 வரை துடிப்பை நடத்தும். அதுவும் தவறினால் இதயவறைகளின் நார்கள் 20 முதல் 40 வரை நடத்தும். இயல்பான நாளில் அவை வாய்திறப்பதில்லை. விரைவாகத் துளிப்பது மேற்கணுவாதலால், மற்றவை தம் துளி பருக்குமுன்னரே அதன் அலையால் அடித்துச் செல்லப்படுகின்றன. குடும்பத்தில் மூத்தவர் நடமாடும்வரை இளையவர் அடங்கியிருந்து, அவர் படுக்கையில் விழுந்ததும் பொறுப்பை ஏற்பதுபோன்ற ஏற்பாடு இது.

அப்படியானால் மூளைக்கு இதில் ஒரு பங்கும் இல்லையா? உண்டு. ஆனால் அது குழாயைச் சற்று இறுக்குவதும் சற்றுத் திறப்பதுமே. துளியை உண்டாக்குவது அன்று. மூளையிலிருந்து இறங்கும் வேகசு நரம்பு கணுவை அமைதிப்படுத்துகிறது. தன் போக்கில் விட்டால் வளர்ந்தவரின் கணு நிமிடத்துக்கு 100 அளவில் துடிப்பு எழுப்பும். வேகசு நரம்பு அதனை 70 அளவுக்கு இழுத்துப் பிடித்திருக்கிறது. நரம்புகள் துண்டிக்கப்பட்டு வேறொருவரின் மார்பிற் பொருத்தப்பட்ட மாற்று இருதயம், ஓய்வு வேளையிலும் 90, 100 என்று துடிப்பது இதனாலேயே. அச்சமும் கோபமும் ஓட்டமும் வரும்போது எதிர்ப்பக்க நரம்புகளும் அதிரினலின் என்னும் சுரப்பும் குழாயைத் திறந்துவிடுகின்றன. நரம்பு இருதயத்துடன் பேசுவது ஓர் இரசாயனப் பொருள் மூலமே என்பதை ஒட்டோ லோவி என்பவர் 1921ஆம் ஆண்டு இரண்டு தவளை இருதயங்களைக் கொண்டு நிறுவினார். 1936ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆடிவேல் விழாக் கூட்டத்தில், வெயிலில் நெடுநேரம் நின்ற இளம்பெண் கண்ணிருண்டு சாய்வதையும் இதனால் விளங்கிக்கொள்ளலாம். வேகசு நரம்பு ஒருகணம் அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிடுகிறது. இரத்தக் குழாய்களும் தளர்கின்றன. மூளைக்கு இரத்தம் குறைகிறது. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் தெளிவு வந்துவிடும். ஆனால் எல்லா மயக்கமும் இத்தகையதன்று. கணுவே பழுதுபட்டாலும், வாயில் அடைபட்டாலும் மயக்கம் வரும். அது வேறு கதை.

அந்த வேறு கதைக்கு நம் நாட்டிலேயே துயரமான சான்று ஒன்று உண்டு. வேலியோரங்களிலும் கோயில் வீதிகளிலும் நிற்கும் மஞ்சள் அலரியை அறியாதார் இல்லை. அதன் பூவைப் பூசைக்குப் பறிக்கிறோம். ஆனால் அம்மரத்திலுள்ள நஞ்சு, இருதயத்தின் மேற்கணுவைத் தளர்த்தி, வாயிற்கணுவை அடைத்துவிட வல்லது. மேனாட்டார் இருதய நோய்க்கு மிகச் சிறிய அளவில் வழங்கும் டிகொக்சின் மருந்துக்கு உறவான நஞ்சு அது. 1980கள் தொடக்கம் இலங்கையின் வடக்கிலும் வடமத்திய மாகாணத்திலும் இந்நஞ்சால் வைத்தியசாலைக்கு வந்தோர் பல்லாயிரவர். அவர்களிற் பலர் ஒருகண வேதனையில் மதியிழந்த இளம்பிராயத்தினர் என்பது நெஞ்சைச் சுடும் உண்மை.

அந்நாட்களில் நிலைமை மோசமானவர்களை அனுராதபுரம் முதலிய இடங்களிலிருந்து கொழும்புப் பெரியாஸ்பத்திரியின் இருதயப் பிரிவுக்கு வண்டியில் ஏற்றி அனுப்புவர். இங்கே ஒரு மெல்லிய மின்கம்பியை நாளத்தினூடாக இருதயத்துள் செலுத்தி, நஞ்சு நீங்கும்வரை வெளியிலிருந்து தாளம் போட்டனர். நஞ்சை முறிக்கும் மருந்து உண்டா என்ற ஆராய்ச்சியும் கொழும்பிலேயே நடந்தது. 66 நோயாளரில் 34 பேருக்கு டிகொக்சின் நஞ்சைப் பற்றிப் பிடிக்கும் முறிமருந்து ஏற்றப்பட்டது. 32 பேருக்கு உப்புநீர் மாத்திரம். இரண்டு மணித்தியாலத்தில் முன்னவர்களில் 15 பேருக்கும் பின்னவர்களில் இருவருக்குமே தாளம் முற்றாகச் சீரடைந்தது. இம்முடிவு 2000ஆம் ஆண்டு உலகப் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. மருந்தின் விலை மிகப் பெரிது என்பதே பின்னர் எழுந்த இடையூறு.

இதிலிருந்து ஒவ்வொரு இல்லமும் அறியவேண்டியது ஒன்றுண்டு. இந்நஞ்சு உட்கொண்டவர், அது தெரியாமல் வாயிலிட்ட குழந்தையாயினும், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருக்கப்படலாகாது. இருதயத்தின் கோளாறு பிந்தியும் வரும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே மின்னலைப் பதிவைப் பார்த்தபடி காவல் காப்பர். பிழைத்து வந்த பிள்ளையை ஏசுவதும் கூடாது. அருகிருந்து பேசுவதே மருந்து. மனம் தாங்காத வேளையிற் பேசுவதற்கு 1974ஆம் ஆண்டு தொடங்கிய சுமித்ரயோ என்ற அமைப்பும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உள்ளன.

நஞ்சு சில நாட்களில் நீங்கிவிடும். முதுமையாலோ நோயாலோ கணு நிரந்தரமாகத் தளர்ந்தவர் என்செய்வது? 1958ஆம் ஆண்டு சுவீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயதினர் நாளொன்றுக்கு இருபது, முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி எல்ஸ்-மரீ, சத்திரசிகிச்சை நிபுணர் ஓகே செனிங்கிடமும் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்டிடமும் விடாது மன்றாடினார். அவ்வாண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி, சப்பாத்துக்குப் பூசும் மையின் தகரப்பேணியளவான கருவியொன்று லார்சனின் உடலினுட் பொருத்தப்பட்டது. உலகில் மனித உடலுள் வைக்கப்பட்ட முதலாவது பேஸ்மேக்கர் அதுவே. அது சில மணி நேரமே உழைத்தது. மறு கருவியும் நெடுநாள் தாங்கவில்லை. ஆயினும் லார்சன் தம் வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றி, தமக்கு உயிரளித்த அவ்விருவரும் மறைந்த பின்பும் வாழ்ந்து, 2001ஆம் ஆண்டு 86ஆம் வயதிற் காலமானார். அதுவும் இருதய நோயால் அன்று. ஒரு பெண்ணின் பிடிவாதம் எத்தனை இலட்சம் குடும்பங்களுக்கு விளக்கேற்றிவிட்டது!

இன்றைய கருவி தீப்பெட்டியிலும் சிறிது. நிறை பெரும்பாலும் 30 கிராமுக்கு உட்பட்டது. பற்றரி பொதுவாக எட்டுப் பத்து ஆண்டுகள் உழைக்கும். நோயாளிக்கு முழு மயக்கம் கொடாமல், காறை எலும்பின் கீழ்த் தோலை மாத்திரம் மரக்கச்செய்து, அதனடியில் வைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து கம்பி நாளம் வழியே இருதயத்தைச் சேரும். இருதயம் தானாகத் துடித்தால் கருவி பார்த்துக்கொண்டிருக்கும்; தவறினால் மட்டும் தட்டிவிடும்.

வெள்ளவத்தையில் எமக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவருக்கு இக்கருவி வைக்கவேண்டும் என்று வைத்தியர் கூறியிருந்தார். அவர் ஒரு மாதமாக மறுத்துவந்தார். காரணம் கேட்டபோது, "தம்பி, அந்த மிசினை வைச்சால் சீவன் போற நேரத்திலை போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்குமாம் எண்டு சொல்லுகினம். உண்மையோ?" என்றார். "இல்லை ஆச்சி. மிசின் தட்டத்தான் செய்யும். கதவைத் திறக்கிறது தசைதான். காலம் முடிஞ்சு தசை ஓய்ஞ்சால் எவ்வளவு தட்டினாலும் திறக்காது" என்று விளக்கினேன். சற்று யோசித்தார். "அப்ப சரி. விழுந்து இடுப்பை உடைச்சுக்கொண்டு கிடக்காமல் இருக்கலாம்" என்று சம்மதித்தார். அவர் கூறியதில் ஒரு வைத்திய உண்மையும் இருந்தது. இத்தகைய நோயாளர் பலர் துடிப்பு நின்றதாலன்றி, மயங்கி விழுந்த காயத்தாலேயே படுக்கையாகின்றனர்.

கருவி வைத்துக்கொண்டவர் அதற்குரிய அட்டையை எப்போதும் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியைக் கருவிக்கு மேலுள்ள சட்டைப்பையில் வைத்தலாகாது. ஆறங்குலமாவது விலகியிருத்தல் நன்று. இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லத் தயங்குவதால்தான் பலர் அறியாதிருக்கின்றனர். அவர் காலமானால், தகனஞ் செய்யுமுன் கருவியை அகற்றிவிட வேண்டும். தீயின் வெப்பத்தில் பற்றரி வெடிக்கும். இறுதிக்கிரியையைப் பொறுப்பேற்பவரிடம் வீட்டார் இதனை மறவாது கூறுதல் கடமை.

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது கவனம். வீட்டுப் பெரியவர் திடீரென்று விழுந்து, ஒரு நிமிடத்தில் எழுந்து, "ஒன்றுமில்லை, தலைசுற்று" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "வயது போனால் இப்படித்தான்" என்று தேற்றுவதும் வேண்டாம். மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நன்கு பயின்ற ஓட்டக்காரருக்கு 45, 50 என்பது இயல்பாக இருக்கலாம். மயங்கி விழுந்த பாட்டனாருக்கு அது இயல்பன்று. சில வேளை அவர் உட்கொள்ளும் இரத்த அழுத்த மருந்தோ, தைரொயிட் சுரப்பியின் குறையோ, சிறுநீரக நோயால் உயர்ந்த பொற்றாசியமோ காரணமாக இருக்கும். அவற்றைத் திருத்தினாலே தாளம் திரும்பிவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். கோளாறு வந்து வந்து மறைவதும் உண்டு.

பெரியவருக்கு வேண்டியது பணமோ பெரிய படிப்போ அன்று. பக்கத்தில் அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, அறுபது விநாடி அவர் கையைப் பிடித்திருக்க ஓர் ஆள். பத்து வயதுப் பேரனும் அதைச் செய்யலாம்.